ஆணியில் தொங்கிய பீர்க்கங்காய்

அந்த வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில், காய்ந்து சருகாகிப்போன பீர்க்கங்காய் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் புகை படிந்து படிந்து அதன் தோல் பழுப்பேறியிருந்தது. ஜன்னல் வழியாகக் காற்று வீசினால் லேசாக ஆடும். ஆடும்போது உள்ளே விதைகள் கலகலவென்று சத்தம் போடும். புதுப்பெண்ணாக அந்த வீட்டுக்கு வந்தவளுக்கு, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர அங்கே யாராவது இருந்தால்தானே.

புதுப்பெண் என்றால் சின்னப் பெண் இல்லை. நாற்பதைத் தொட்டபிறகு நடந்த கல்யாணம். மருந்துக்கடை கவுன்ட்டரில் நின்று நின்றே அவளுக்கு வயது ஓடிவிட்டது. தம்பி தங்கைகளைக் கரையேற்றினாள், படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அதன்பிறகுதான் இனி நமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்ற நினைப்பே வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவியை இழந்தவர். அதிகம் பேசமாட்டார். இரத்த அழுத்த மாத்திரை வாங்க அவள் கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர், ஒருநாள் மாத்திரை வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். அவ்வளவுதான் அவர்களுடைய காதல் கதை. இரண்டு கையெழுத்தில் கல்யாணம் முடிந்தது.

அவருக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்து வேற்றூரில் இருந்தாள். கல்யாணத்துக்கு வந்தாள், புகைப்படத்துக்குச் சிரித்தாள், சாப்பிட்டாள், அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். அப்பாவைக் கட்டிக்கொண்டவளை எந்த உறவு சொல்லியும் கூப்பிடவில்லை. அப்பாவிடம் பேசும்போது "அவங்க" என்றாள். நேரில் பேசவேண்டி வந்தபோது "இங்க பாருங்க" என்று ஆரம்பித்தாள். அது ஒன்றும் தப்பில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று இவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். பிள்ளை பெற்று வளர்க்கும் வயது தாண்டிவிட்டது. இனி யாராவது தன்னை உறவு சொல்லிக் கூப்பிடுவதென்றால் அது இந்தப் பெண் ஒருத்திதான் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று ஆட்கள் வந்து அவரை அழைத்துப் போனார்கள். வீட்டில் தனியாக இருந்தவள், முந்தானையைச் செருகிக்கொண்டு சமையலறையில் இறங்கினாள். ஆம்பளை புழங்கிய அடுப்படி என்றால் சும்மாவா? பாத்திரங்களின் அடியெல்லாம் கரி ஏறி, எது சட்டி எது மூடி என்று தெரியாத நிலையில் கிடந்தது. தேய்க்க எதுவும் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவள் பிறந்த வீட்டில் காய்ந்த பீர்க்கங்காய் என்றால் அதற்கு ஒரே வேலைதான். ஆணியிலிருந்து எடுத்தாள். வாளித் தண்ணீரில் ஊறவைத்தாள். தோலை உரித்துவிட்டு, துவைக்கும் கல்லில் நாலு தட்டுத் தட்டினாள். விதைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பக்கத்தில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. விதைகள் நுரையோடு நுரையாகச் சாக்கடைக்குள் போய்ச் சேர்ந்தன.

கிடைத்த நாரை வைத்து எல்லாப் பாத்திரத்தையும் முகம் தெரிகிற மாதிரி தேய்த்துக் கவிழ்த்தாள். இடுப்பு ஒடிந்துபோனாலும் மனசு நிறைந்திருந்தது. அவர் வந்து பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் மறந்து வைத்துவிட்டுப் போன கைபேசி அடித்தது. மகள்தான்.

அப்பா இல்லை என்றதும் மகள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, சரி, நீங்களே இருக்கீங்களே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் என்றாள். 

"அடுப்புக்கு மேல ஒரு பீர்க்கங்காய் தொங்கும் பாருங்க. அது எங்க அம்மா வெச்ச கொடியோட விதை. அம்மா போனதுக்கு அப்புறமும் அப்பா வருஷா வருஷம் அதைத்தான் எடுத்துப் போட்டுக்கிட்டிருக்காரு. அம்மாவோடதுன்னு அந்த வீட்ல உயிரோட இருக்கறது அது ஒண்ணுதான். வேற எதை வேணா மாத்திக்கோங்க. அதை மட்டும் கொஞ்சம் பத்திரமா பாத்துக்கோங்க."

"பாத்துக்கறேன்மா" என்றாள் அவள். இன்னொரு கையில் நார் சொட்டிக்கொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சாக்கடைக் கம்பியை நீக்கிக் கையைவிட்டுத் துழாவினாள். சோப்புக் கசடும் தலைமுடியும்தான் வந்தன. முற்றாத வெள்ளை விதை ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. நசுக்கிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. கல்லின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கவுன்ட்டரில் ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்ததில்லை அவள். இந்த வீட்டில் கை வைத்த முதல் நாளே இப்படி ஆகிப்போனது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த விதைக்கடைக்குப் போனாள். நாட்டுப் பீர்க்கு விதை இருக்கிறதா என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். அதெல்லாம் எந்தக் காலத்திலோ போய்விட்டது, இப்போது எல்லாம் ஹைபிரிட்தான் என்று, படம் போட்ட பாக்கெட் ஒன்றை எடுத்துப் போட்டார். பிரித்துப் பார்த்தால் விதையெல்லாம் ரோஸ் நிறத்தில் மின்னியது. புழு பூச்சி அண்டாமலிருக்க மருந்து பூசியிருக்கிறார்களாம்.

"ஒண்ணு சொல்லிடறேன்மா. காயை ஆசை தீரச் சாப்பிடுங்க. விதைக்கு மட்டும் விட்டுறாதீங்க. இதுல எடுத்த விதையைப் போட்டா இதே மாதிரி வராது. காய்க்காமலும் போகலாம், காய்ச்சா கசந்தும் போகலாம். அப்புறம் வந்து என் சட்டையைப் பிடிக்காதீங்க."

மருந்துக்கடையின் பின்னறையில், பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஒவ்வொரு விதையாகத் துடைத்தாள். ரோஸ் போய் உள்ளேயிருந்த கறுப்பு தெரிந்தது. விதையை விட்ட சாயம் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. சோப்புப் போட்டாள், கல்லில் தேய்த்தாள், போகவில்லை. முதலாளி எட்டிப் பார்த்து, புது நெயில் பாலிஷா, கல்யாணக் களை இப்பத்தான் ஏறுது போல என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் மாத்திரை டப்பா ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். ஆணியில் தொங்கிய காயில் எறும்பு வந்துவிட்டது, அதனால் விதையைப் பிரித்து எடுத்து வைத்தேன் என்றாள். ராத்திரி முழுக்க மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்த பொய், தடங்கலில்லாமல் வந்தது. அவர் விதைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். பிறகு அவள் விரல்களைப் பார்த்தார். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நல்ல காரியம் பண்ணினே" என்று மட்டும் சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். இப்படி ஒரு வெள்ளந்தி மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று இருந்தது அவளுக்கு.

தோட்டம் என்றால் பெரிய தோட்டமில்லை. கிணற்றடி அளவு மண், சுற்றிலும் சுவர். லிஃப்டுகளில் கழற்றிப் போட்ட பழைய இரும்புக் கயிறுகளை இழுத்துக் கட்டி அவர் ஒரு பந்தல் போட்டிருந்தார். எட்டுப் பேரைச் சுமந்த கயிறு, எட்டுக் காயைச் சுமக்காதா என்பார். அவர் அடிக்கும் ஒரே நகைச்சுவை அதுதான். அதற்கே அவள் ஒவ்வொரு தடவையும் சிரித்தாள்.

விதை முளைத்தது. அவள் உயிரும் திரும்பி வந்தது. அதற்குப்பிறகு அந்தக் கொடியை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பெற்ற பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். விடிந்ததும் இலைகளைத் திருப்பிச் சிவப்பு வண்டுகளைக் கையால் பிடித்து மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டாள். சாம்பலைத் துணியில் கட்டித் தளிரில் தட்டினாள். கொடி பந்தலுக்கு ஏறும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளி, தலையை மட்டும் விட்டாள். கடையிலிருந்து வந்ததும், உடுத்தின சேலையோடு முதலில் அங்கேதான் போய் நிற்பாள். பொழுது சாயும் நேரத்தில்தான் மஞ்சள் பூக்கள் விரியும். ஆண் பூவைக் கிள்ளி, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண் பூவில் தொட்டு எடுப்பாள். பிஞ்சை ஈ குத்தாமலிருக்க மருந்துக்கடைக் காகித உறைகளை மாட்டிவிட்டாள். பந்தலில் பாதிக் காய்கள் இருமல் மருந்து விளம்பரத்தோடுதான் தொங்கின.

அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். முதல் காயை அவள் அறுத்துக் கொண்டுவந்து நீட்டியபோது, வாங்கி, தன் முழங்கையோடு வைத்து அளந்தார்.

"அவ இருந்தா இன்னும் ஒரு சாண் நீளமா வரும்" என்றார்.

அன்றிலிருந்து அதுவே பாட்டாகிப் போனது. காய் பருத்தால், அவ வெச்சப்போ இவ்வளவு பருக்காது, இளசா இருக்கும். காய் இளசாக இருந்தால், அவ கைக்கு நல்லாத் திரண்டு வரும். சாப்பிடும்போது ருசி பிரமாதமாக இருந்தால், விதை அப்படி, அவ பொறுக்கி எடுத்த விதை. அவள் வாங்கி வந்த விதை, அவள் பிடித்த வண்டு, அவள் சுமந்து ஊற்றிய தண்ணீர். பேர் மட்டும் இன்னொருத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறந்து கேட்கலாம் என்றால், கேட்கிற வாயில்தானே முதல் பொய் இருக்கிறது. செய்த குற்றத்துக்கு இது தண்டனை என்று எடுத்துக்கொண்டாள். பொறாமைப்படவும் முடியாமல், பெருமைப்படவும் முடியாமல் இருந்தது அவள் நிலைமை.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த தையல்காரம்மா சுவருக்கு அந்தப்பக்கம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவர் போனபிறகு கூப்பிட்டாள்.

"ஏம்மா, செத்துப் போனவளோட போட்டி போட்டு ஜெயிக்க முடியுமா? அவளுக்கு வயசு ஏறாது, இடுப்பு வலிக்காது, குழம்புல உப்பு கூடாது. நீ பேசாம ஒரு காயை எனக்குக் குடு. நான் உன் பேரைச் சொல்லியே சாப்பிடறேன்."

அவள் சிரித்துக்கொண்டே இரண்டு காய்களைச் சுவருக்கு மேலே நீட்டினாள். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

கொடி ஓயும் சமயத்தில் மகள் ஒரு நாள் இருந்துவிட்டுப் போக வந்தாள். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் நேரே பந்தலுக்கடியில் போய் நின்றாள். ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு, தொங்கிய காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மதியம் பீர்க்கங்காயை வதக்கிச் சோற்றோடு பரிமாறியபோது, முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. அப்படியே அம்மா கொடியோட ருசிப்பா என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, ஆமா பாப்பா, அதேதான் என்றார்.

சாப்பிட்டு முடித்துத் தட்டுகளை எடுக்கப் போனவளை மகள் தடுத்தாள்.

"விடுங்க சித்தி, நான் கழுவறேன்."

யதார்த்தமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவள்பாட்டுக்குக் கழுவப் போய்விட்டாள். இவள்தான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மகளே திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, முதலில் தனக்குப் பயமாகத்தான் இருந்தது என்றாள். வர்றவங்க அம்மா பொருளையெல்லாம் தூக்கிப் போட்டுடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, நீங்க அம்மா கொடியை அம்மாவைவிட நல்லா வெச்சிருக்கீங்க என்றாள். தன் புது வீட்டில் கொஞ்சம் மண் இருக்கிறது, விதை கொடுத்தால் அங்கேயும் போடுவேன் என்றாள்.

விதைக்கென்று பந்தலில் ஒரு காய் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர்தான் அதில் சிவப்புத் துணி கட்டிவிட்டிருந்தார். விதைக்கடைக்காரர் சொன்னது அவள் காதில் மணியடித்தது. இந்தப் பெண் ஆசை ஆசையாகப் போட்டு, அது கசந்துபோனால்?

சாயங்காலம் மகள் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, பந்தலடியில் உட்கார்ந்திருந்தவரிடம் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஊறவைத்தது, தட்டியது, சாக்கடை, கடை விதை, ஸ்பிரிட். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். எழுந்து போய்விடுவார் என்றும் எதிர்பார்த்தாள்.

"தெரியும்" என்றார் அவர். "உன் விரல்ல சாயம் இருந்துச்சே. ஸ்பிரிட்டுக்கெல்லாம் அது போகாது. எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு உப்பு போட்டுத் தேய்ச்சிருக்கணும். சுத்தமா போயிடும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகப் புரிந்தது.

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

அவர் பந்தல் கயிற்றைத் தட்டிப் பார்த்தார், இறுக்கமாக இருக்கிறதா என்று சோதிக்கிறவர் மாதிரி. முதல் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் இந்தப்பக்கம் எட்டிப் பார்க்க ஆளில்லை, கொடி விதை பிடிக்கும் முன்பே கருகிவிட்டது என்றார். காரியமெல்லாம் முடிந்தபிறகு பாப்பா வந்து, அம்மா கொடி எங்கே என்று கேட்டு அழுதாள். விதை எடுத்து வைத்திருக்கிறேன் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அதிலிருந்து வருஷா வருஷம் கடை விதைதான். சாயத்தைக் கழுவிவிட்டுப் போடுவார்.

"அப்ப ஆணியில தொங்கினது?"

"அது சும்மா. பாப்பா வந்தா பாக்கறதுக்கு."

அவள் பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். இவ்வளவு நாளாக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிய குற்றம் ஒரு நொடியில் இல்லை என்றாகிவிட்டது. சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் ஒரு கேள்விதான் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "அவ இருந்தா இன்னும் ஒரு சாண் நீளமா வரும்னீங்களே. அவ பொறுக்கின விதைன்னீங்களே. நான் வாங்கின விதைன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

அவர் மறுபடியும் கயிற்றைத் தட்டினார்.

"உங்களுக்கும் கடை விதை. எனக்கும் கடை விதை. அப்ப இத்தனை நாளா நான் யாரோட மல்லுக்கட்டினேன்?"

"சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு" என்றார் அவர். கொஞ்சம் கழித்து, "பாப்பாகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிடாதே. தாங்க மாட்டா. விதையைக் குடுத்து அனுப்பிடு. முளைச்சா முளைக்கட்டும், முளைக்கலைன்னா மண்ணு சரியில்லைன்னு இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

மறுநாள் காலை மகள் கிளம்பினாள். இவள் சிவப்புத் துணியை அவிழ்த்துக் காயை உடைத்து, விதையைப் பழைய மாத்திரை டப்பாவிலேயே போட்டு எடுத்து வந்தாள். சொல்லிவிடலாம் என்று வாசல்வரை மனசு அடித்துக்கொண்டது. அவர் மகளின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் மாதிரி இவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இவள் வாயை மூடிக்கொண்டது அவருக்காக இல்லை. மகள் டப்பாவை வாங்கிக் கைப்பையில் பத்திரமாக வைத்துவிட்டு, "வரேன் சித்தி, உடம்பைப் பாத்துக்கோங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மூடினாள். அதைச் சாகும்வரை தன்னிடமே வைத்துக்கொள்ளலாமென்று ஆசைப்பட்டுவிட்டாள்.

அதற்குப்பிறகு வந்த நாட்கள்தான் அவள் அந்த வீட்டில் வாழ்ந்த நல்ல நாட்கள். மகள் அப்பாவுக்குப் பதில் அவளுக்கே போன் செய்ய ஆரம்பித்தாள். சித்தி, முளைச்சிடுச்சு. சித்தி, இலையில ஓட்டை ஓட்டையா இருக்கே, என்ன பண்றது. மருந்துக்கடையில் கூட்டமாக இருந்தாலும் அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் மாத்திரை எண்ணிக்கொண்டே சாம்பல் தட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தாள். யாரும்மா போன்ல என்று முதலாளி கேட்டால், எங்க பொண்ணு என்றாள். ஆண் பூவை எப்படித் தொட வேண்டும் என்று சொன்னபோது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய வீட்டுக்காரர் கொசு அடிக்கும் பேட்டை எடுத்துக்கொண்டு வண்டு அடிக்கிறாராம். பிஞ்சு விட்டிருக்கிறது என்று சொன்ன அன்றைக்கு இவள் இங்கே அக்கம்பக்கத்துக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். ஒருவேளை நன்றாகவே வந்துவிடுமோ என்னவோ. கடைக்காரருக்கு எல்லாம் தெரியுமா என்ன?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் அவருக்கு வந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"காய் கசக்குதுப்பா" என்றாள் மகள். "விஷமா கசக்குது. இவரு ஒரு துண்டு வாயில வெச்சதுமே வாந்தி எடுத்துட்டாரு. எல்லாக் கொடியுமே அப்படித்தான் இருக்கு. அம்மா கொடி ஒரு நாளும் கசந்ததில்லையேப்பா. என்னதான் ஆச்சு?"

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. பிறகு அவர் குரல் வந்தது.

"விதையைச் சரியா காய வெச்சிருக்க மாட்டா. ஈரத்தோட டப்பாவுல போட்டு மூடியிருப்பா."

மகள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"அவங்ககிட்ட விட்டிருக்கவே கூடாதுப்பா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"விதை நல்லாத்தான் காஞ்சுதும்மா. விதை காஞ்சாலும் நனைஞ்சாலும் அதனால காய் கசக்காது. கடை விதையோட காய்ல எடுத்தது, அதனால கசந்துச்சு. நான் சொன்னா என் மேலதான் கோபம் வரும். உங்க அப்பாவே சொல்லட்டும், முதல்லேர்ந்து."

போனை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் ஸ்பீக்கரை அணைத்தார். எழுந்து தோட்டத்துக்குப் போனார். சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். பந்தலுக்கடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினார். ஒரு கை காற்றில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பேசியதாகத் தெரியவில்லை. முடித்துவிட்டு, காய்ந்த இலை இரண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"நீ தெரியாம ஊற வெச்சு விதையெல்லாம் போயிடுச்சு, பயந்துபோய் நீயே கடையில வாங்கி வெச்சிட்டதா."

"அதுக்கு முன்னாடி நடந்தது?"

அவர் சட்டைப் பையில் எதையோ தேடினார்.

"ஏற்கெனவே அழுதுக்கிட்டிருந்தா" என்றார். "அதையும் சொன்னா எங்கிட்டயும் பேசாம போயிட்டா என்ன பண்றது? எனக்கு இருக்கறது அவ ஒருத்திதானே."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். மறுபடியும் சட்டைப் பையில் தேடினார்.

பாப்பாகிட்ட நானே பேசுகிறேன் என்று அவள் போனைக் கேட்கவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது? அப்பா சொன்னதற்கு மேலே அவள் எதைச் சொன்னாலும் இனி அது, மாட்டிக்கொண்டவள் செத்துப்போனவளின் புருஷன் மேல் பழியைத் திருப்புகிற பேச்சாகத்தான் கேட்கும். காரணம் தெரியாமல் கொடுத்த சித்தி என்ற சொல்லை, காரணம் தெரிந்துகொண்டு மகள் திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டாள். மகள் மேல் அவளுக்கு வருத்தம் வரவில்லை. தாயைப் பறிகொடுத்தவள் வேறென்ன செய்வாள்.

அடுப்புக்கு மேலே அதே ஆணியில் இந்த வருஷத்துக் காய் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் காயவைத்து மாட்டியிருந்தார். ஜன்னல் காற்றில் விதைகள் கலகலத்தன. அவள் எட்டி அதை எடுத்தாள்.

"அதை ஏன் எடுக்கறே?" என்றார் அவர். "பாப்பா வந்தா..."

அவள் வாளியில் தண்ணீர் பிடித்தாள். காயை அமுக்கி ஊறவைத்து, அது மெத்தென்று ஆகும்வரை பக்கத்திலேயே நின்றாள். பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் தோலை உரித்தாள். குழாயைத் திறந்துவிட்டு, துவைக்கும் கல்லில் ஓங்கித் தட்டினாள். விதைகள் சிதறி ஓடின. முதல் தடவை அவற்றை அவள் கவனிக்கவில்லை. இந்தத் தடவை கடைசி விதை கம்பிக்குள் போய் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து தையல்காரம்மா எட்டிப் பார்த்து, என்னம்மா, விதைக்கு வெச்ச காயா அது என்று கேட்டாள்.

"இல்லக்கா. பாத்திரம் தேய்க்கறதுக்கு வெச்சது."

உள்ளே வந்து, மதியம் அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.